ஜன்னல் கம்பியில் குளவிக்கூடு: ராணிக்காக மற்றவை ஏன் உழைக்கின்றன?

மொட்டைமாடி | ஜூன் 9, இரவு 9:40

திருச்சியில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கம்பியும் சிலாப்பும் சேரும் மூலையில் ஒரு குளவிக்கூடு இருக்கிறது. மூன்று வாரமாகப் பார்க்கிறேன். சாம்பல் நிறக் காகிதம் மாதிரி, மெல்லிய காம்பில் தொங்குகிறது. மேலே மூடி கிடையாது, அறைகள் எல்லாம் அப்படியே தெரிகின்றன. நேற்று எண்ணியபோது பதினாறு குளவிகள். செம்பழுப்பு உடம்பு, வயிற்றில் மஞ்சள் வளையம். கலைக்கவே கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்குமாம். எனக்கு நாற்பத்தேழு வயது என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

காலையில் தோசை ஊற்றிக்கொண்டே வேடிக்கை பார்ப்பேன். ஒன்று பச்சைப் புழுவை மென்று உருண்டையாக்கிக் கொண்டுவரும். இறங்கியதுமே இரண்டு மூன்று ஓடிவந்து அதைப் பிய்த்துப் பிடுங்கி, அறைகளுக்குள் தலையை விட்டுக் குஞ்சுகளுக்கு ஊட்டும். ஒன்று மட்டும் எங்கும் போவதில்லை. கூட்டின்மேல் மெதுவாக நடக்கும், அவ்வப்போது வயிற்று நுனியைக் கூட்டில் தேய்க்கும், காலி அறையில் வயிற்றை நுழைத்து உட்காரும். அதுதான் ராணியாக இருக்க வேண்டும். ஆனால் அது யாரையும் அதட்டிக்கூட நான் பார்த்ததில்லை.

மகள் பிளஸ் ஒன், உயிரியல் பிரிவு. அவள் கேட்டது இதுதான்: "தன் வாரிசை அதிகம் விட்டுப்போகிறதுதான் நிலைக்கும் என்று பாடத்தில் இருக்கிறது. இந்தப் பதினைந்தும் முட்டையே போடாமல் இன்னொருத்தி குழந்தையை வளர்க்கின்றன. அப்படி வளர்க்கிற குணம் மட்டும் எப்படி அடுத்த தலைமுறைக்கு வந்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

பழைய வாத்தியார் | ஜூன் 9, இரவு 10:25

முதலில் மாமியார் விஷயம். அவர் சொல்வது மண் குளவியை. சுவரில், சாமி படத்துக்குப் பின்னால் மண்ணை உருட்டிக் கூடு கட்டும். அது தனிக்காட்டு ராஜா. புழுவையோ சிலந்தியையோ கொட்டி மயக்கி உள்ளே வைத்து, ஒரு முட்டை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். 'கொட்டக் கொட்டக் குளவி' என்று நம் ஆட்கள் சொன்னது அந்தக் கூட்டைப் பார்த்துத்தான். உங்கள் வீட்டில் இருப்பது காகிதக் குளவி. மரநாரைச் சுரண்டி எச்சிலில் குழைத்துக் கட்டுவது.

உங்கள் மகளின் கேள்வி டார்வினையே தூங்கவிடாத கேள்வி. மலட்டு வேலைக்கார எறும்புகள் தன் கொள்கைக்கே உலை வைத்துவிடும் போல முதலில் தோன்றின என்று 1859-இல் வந்த நூலில் அவரே எழுதியிருக்கிறார். பிறகு குடும்பம் மொத்தத்தையும் தேர்வுக்கு உட்பட்டதாக எடுத்துக்கொண்டால் சிக்கல் தீரும் என்று ஒரு வழி சொன்னார். ஜீன் என்ற சொல்லே அப்போது கிடையாது.

கணக்காகப் போட்டுக் காட்டியவர் டபிள்யூ. டி. ஹாமில்டன், 1964-இல். அப்போது லண்டனில் ஆராய்ச்சி மாணவர். பேச ஆளில்லாமல், மனித முகத்தைப் பார்த்துக்கொண்டாவது இருக்கலாம் என்று வாட்டர்லூ ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். அவர் சொன்னது: உன் ஜீனின் பிரதி உன் உடம்பில் மட்டும் இல்லை, உன் சொந்தங்களின் உடம்பிலும் இருக்கிறது. நீ முட்டை போடாவிட்டாலும், தங்கை பிழைத்தால் அந்தப் பிரதி பிழைக்கும். சூத்திரம் ஒரே வரி:

உறவளவு × அவர்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் > எனக்கு ஆகும் செலவு

உறவளவு என்றால் சொந்தம் எவ்வளவு நெருக்கம் என்ற அளவு. பெருக்கி வருவது செலவைவிடப் பெரிதாக இருக்கும் இடத்தில், உதவத் தூண்டும் ஜீன் பரவும்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 9, இரவு 11:02

வாத்தியார் சார் முக்கியமான அழகை விட்டுவிட்டார். குளவி, தேனீ, எறும்பு இவற்றில் ஆண் பிறப்பது கருவுறாத முட்டையிலிருந்து. அப்பாவிடம் ஒரே ஒரு செட் குரோமோசோம்தான் (ஜீன்கள் இருக்கும் இழை), அம்மாவிடம் இரண்டு செட். ஆக, அவர் தரும் பாதி எல்லா மகள்களுக்கும் அச்சு அசலாக ஒன்றே. அம்மா தரும் பாதியில் சராசரியாகப் பாதி ஒத்துப்போகும். ½ + ¼ = ¾. அக்கா தங்கைக்குள் முக்கால் நெருக்கம்! சொந்த மகளோடு பாதிதான். மகளைப் பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது லாபம். அக்கா, மகளிடம் சொல்லிவிடுங்கள். கேள்வி முடிந்தது.

சந்தேகம் | ஜூன் 10, காலை 6:48

இவ்வளவு சீக்கிரம் முடிக்காதீர்கள் தம்பி.

தங்கை முக்கால் என்றால் தம்பி கால். ராணி ஆணும் பெண்ணும் சமமாகப் பெற்றால் சராசரி என்ன? பாதி. சொந்தக் குழந்தைக்கும் பாதி. லாபம் எங்கே போயிற்று? தங்கைகளை மட்டும் அதிகம் வளர்த்தால் கணக்கு நிற்கும், அதுவும் ஒரு எல்லை வரைதான்.

தேனீ ராணி ஒரு டஜன் ஆண்களோடாவது கூடுகிறது. அப்போது கூட்டில் பெரும்பாலானவை ஒரே அம்மா, வேறு வேறு அப்பா. உறவளவு கால் பக்கம் இறங்கிவிடும். ஆனாலும் தேனீதான் கொட்டிவிட்டுக் குடலைப் பிடுங்கிக்கொண்டு சாகிறது.

கறையானில் ஆணுக்கும் இரண்டு செட், பெண்ணுக்கும் இரண்டு செட், நம்மைப் போல. அங்கேயும் வேலைக்காரர் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே, வாத்தியார் சொன்ன மண் குளவிக்கும் இதே குரோமோசோம் ஏற்பாடுதான். அதே சுவரில் அது ஏன் தனியாகக் கிடக்கிறது?

கணக்குப்பிள்ளை | ஜூன் 10, காலை 7:15

...மண் குளவியை யோசிக்கவில்லை. ஆபீஸ் போய்விட்டு வருகிறேன்.

குளவிக்காரி | ஜூன் 10, இரவு 8:30

அக்கா, உங்கள் வர்ணனையைப் படித்ததும் சிரித்துவிட்டேன். காம்பில் தொங்கும் திறந்த கூடு, சாதுவான ராணி, வயிற்றைத் தேய்ப்பது என்றால் ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற காகிதக் குளவி இனமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தென்னிந்தியாவில் ஜன்னலுக்கு ஜன்னல் இருக்கும். கல்லூரி விடுமுறையில் இரண்டு மாதம் நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் இதைத்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் சீக்கிரம் காயும் பெயின்ட்டில் ஊசிமுனை அளவு புள்ளி வைப்போம். அப்புறம் நேரம் குறித்துக்கொண்டு யார் யாருக்கு ஊட்டினார், யார் யாரைக் கொத்தினார் என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதன் பின்னால் பெரிய கதை இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக இந்த ஒரே குளவியை ஆராய்ந்தவர். சந்தேகம் அண்ணா கேட்ட இடத்தைத்தான் அவரும் பிடித்தார். இந்த ராணியும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு கூடுவதால் சகோதரிகளுக்குள் உறவளவு முக்கால் அல்ல, ஏறத்தாழ பாதி. அதோடு ராணிகள் ஒருவர் பின் ஒருவராக மாறிக்கொண்டே இருப்பார்கள். இன்று ஊட்டும் குளவி வளர்ப்பது தங்கையாக இருக்கலாம், அக்கா மகளாக இருக்கலாம், சித்தி மகளாகக்கூட இருக்கலாம். அப்போது உறவளவு இன்னும் கீழே போகும்.

முக்கால் கணக்கை நம்பினால் இந்தக் கூடு உங்கள் ஜன்னலில் இருக்கவே கூடாது!

நான் புரிந்துகொண்டது இதுதான். சூத்திரத்தில் மூன்று விஷயம் இருக்கிறது. எல்லோரும் உறவளவையே பிடித்துத் தொங்குகிறோம். ஆதாயம், செலவு இரண்டையும் யாரும் போய் அளப்பதில்லை, ஏனென்றால் அதற்கு வெயிலில் உட்கார வேண்டும். ஒரு முட்டை பெரிய குளவியாகப் பல வாரம் ஆகும். அதுவரை தினமும் யாராவது இரை கொண்டுவர வேண்டும். தனியாகக் கூடு கட்டிய தாய் நடுவில் செத்தால் அத்தனையும் பாழ், கணக்கில் பூஜ்யம். கூட்டத்தில் இருப்பவள் பத்தாவது நாளே செத்தாலும் அவள் பாதி வளர்த்த குஞ்சை இன்னொருத்தி மீதி வளர்த்துவிடுவாள். அந்தப் பத்து நாள் உழைப்பு வீணாகாது. இதை 'உறுதியான பலன்' என்ற வாதமாக 1990-இல் கடக்கர் எழுதினார்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 10, இரவு 9:50

சரி, எண் போட்டுப் பார்க்கிறேன். எண்கள் என் கற்பனை, யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

தனிக்கூடு: பத்தில் ஒன்பது முறை தாய் நடுவிலேயே செத்துவிடுகிறாள். பத்தாவது முறை 10 குஞ்சு தேறுகிறது. சராசரி 1. உறவளவு ½. மதிப்பு 0.5.

கூட்டுக்கூடு: இவளால் கூடுதலாகத் தேறியது சராசரியாக 3. உறவளவை முக்காலே அல்ல, வெறும் கால் என்றே வைக்கிறேன். மதிப்பு 0.75.

கால் உறவிலேயே ஜெயித்துவிட்டது. நேற்று இரவு நான் போட்ட பதிவை எடுத்துவிடலாமா?

சந்தேகம் | ஜூன் 10, இரவு 9:58

இருக்கட்டும். நாலு பேர் அதைத்தான் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஒரத்தநாட்டான் | ஜூன் 11, மதியம் 1:20

குளவிதான் வேண்டுமா? காக்காயைப் பாருங்கள். ஒரு உருண்டை சோறு வைத்தால் கா கா என்று ஊரையே கூப்பிட்டுத்தான் சாப்பிடும். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். இதில் எந்த ஜீன் கணக்கு?

பழைய வாத்தியார் | ஜூன் 11, மாலை 4:05

தம்பி, அந்தக் குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஈகையில் இல்லை, விருந்தோம்பலில் இல்லை. 'சுற்றந்தழால்', சொந்தபந்தத்தைத் தழுவிக்கொள்வது. 527-வது குறள். எனக்கு இது எப்போதும் ஆச்சரியம்தான். அதற்காக அவருக்கு ஹாமில்டன் சூத்திரம் தெரியும் என்று நாளை வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்பிவிடாதீர்கள்.

ஆனால் காக்காய் கூப்பிடுவது சொந்தத்தைத்தானா என்பது வேறு விஷயம். நம் ஊர்க் காக்காயின் பெரிய உறவு ரேவன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பெர்ண்ட் ஹைன்ரிச் என்பவர் 1980-களில் குளிர்காலம் முழுக்கப் பனியில் குடிசை போட்டு இதையே பார்த்தார். செத்த கன்று, மான் எல்லாவற்றையும் இழுத்துவந்து போட்டுவிட்டுக் காத்திருப்பார். சில ரேவன்கள் சத்தமே போடாமல் சாப்பிட்டன. சில தொண்டை கிழியக் கத்தி மற்றவற்றை வரவழைத்தன.

கத்தியவை யார்? வீடு வாசல் இல்லாமல் சுற்றும் இளவட்டங்கள். அந்த இடம் ஏற்கெனவே ஒரு ஜோடிக்குச் சொந்தம். இளசு ஒன்று தனியாகப் போனால் அந்த ஜோடி விரட்டி அடிக்கும். கூட்டமாகப் போனால் விரட்ட முடியாது. பங்கு போடாவிட்டால் இதற்கும் கிடைக்காது, அதனால்தான் கூப்பாடு. பிறகு டி.என்.ஏ எடுத்துப் பார்த்ததில், கூடிச் சாப்பிட்டவை நெருங்கிய சொந்தம் இல்லை என்று தெரிந்தது.

அங்கே உறவளவு பூஜ்யம் பக்கம். ஆனால் செலவும் கழித்தலில் போய்விட்டது. கூப்பிடுவதே லாபம். அதைத் தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன், ஒத்துழைப்பு என்று சொல்வேன். இரண்டையும் ஒரே பையில் போட்டால் இந்த விவாதம் என்றைக்கும் முடியாது.

குளவிக்காரி | ஜூன் 11, மாலை 6:40

மூன்றாவது வகையும் உண்டு சார். ரத்தம் குடிக்கும் வௌவால், கோஸ்டா ரிகாவில். இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் செத்துவிடும். வயிறு நிறைந்தது, பட்டினி கிடந்ததற்கு வாயிலிருந்து ரத்தம் கக்கி ஊட்டும். ஜெரால்டு வில்கின்சன் 1984-இல் எழுதினார். சொந்தத்துக்கும் ஊட்டும், கூடவே தொங்கும் பழகிய தோழிக்கும் ஊட்டும். பிற்பாடு நடந்த ஆய்வில், யார் யாருக்குக் கொடுக்கும் என்பதை முன்னால் யார் கொடுத்தார் என்பது சொந்தத்தைவிட நன்றாகக் காட்டிக்கொடுத்தது. நம் ஊர் மொய் நோட்டு மாதிரி.

தென்னவன்77 | ஜூன் 11, இரவு 10:10

அப்படிப் பார்த்தால் தன் சாதிக்காரனுக்கு வேலை போட்டுக் கொடுப்பதும் ஜீனில் இருப்பதுதானே? இயற்கையாக வருவதை ஏன் குறை சொல்ல வேண்டும்?

மட்டுறுத்துநர் | ஜூன் 11, இரவு 10:55

மேலே உள்ள கேள்விக்கு வந்த நான்கு பதில்கள் நீக்கப்பட்டன. கேள்வி இருக்கட்டும், உயிரியலோடு பதில் சொல்பவர் சொல்லலாம்.

பழைய வாத்தியார் | ஜூன் 12, காலை 5:50

சொல்கிறேன். சூத்திரத்தில் உள்ள உறவளவு 'நமக்குள் எத்தனை ஜீன் ஒன்று' என்பதல்ல. அப்படிப் பார்த்தால் எனக்கும் உங்களுக்கும் சிம்பன்சிக்கும் பெரும்பகுதி ஒன்றுதான். சுற்றி இருக்கும் கூட்டத்தின் சராசரியைவிட எவ்வளவு கூடுதலாக ஒத்திருக்கிறோம் என்பதே கணக்கு. அண்ணன் தம்பிக்கு அது பாதி, ஒன்றுவிட்ட சகோதரனுக்கு எட்டில் ஒன்று, இரண்டு தலைமுறை தள்ளினால் கரைந்தே போகும். ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சேர்த்து ஒரு பெயர் வைத்துவிட்டு அதற்கு இந்தச் சூத்திரத்தைப் போட்டால் வருவது கணக்கு இல்லை, சாக்கு.

இன்னொன்று. இயற்கையில் இருப்பதால் சரி என்று ஆகாது. குயில் காக்காய்க் கூட்டில் முட்டை இடுவதும் இயற்கைதான்.

குளவிக்காரி | ஜூன் 12, காலை 9:15

சார் சொன்னதோடு ஒன்று. குளவிக்கே 'சொந்தம்' தெரியாது! அதற்குத் தெரிவது கூட்டின் வாசனை. பிறந்ததும் கூட்டிலிருந்தும் கூட இருப்பவர்களிடமிருந்தும் ஒரு வாசனை ஒட்டிக்கொள்ளும். அது இருந்தால் நம் வீட்டு ஆள், இல்லையென்றால் வெளியாள். கூட்டுக்குள்ளே இவள் சொந்தத் தங்கை, இவள் வேறு அப்பன் மகள் என்று பிரித்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பிறந்து சில நாளே ஆன வேற்றுக்கூட்டுக் குளவியை வைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அப்படி வந்தது அங்கே இரை தேடும், குஞ்சு வளர்க்கும், சில சமயம் ராணியாகவும் ஆகிவிடும்.

மொட்டைமாடி | ஜூன் 27, இரவு 8:15

ஒரு தப்பு நடந்துவிட்டது. நேற்று ஒட்டடை அடிக்கும்போது குச்சி கூட்டில் பட்டுவிட்டது. எல்லாம் பறந்து, பத்து நிமிடத்தில் திரும்பின. ஒன்று மட்டும் சிங்க்கில் விழுந்து சோப்புத் தண்ணீரில் செத்துக் கிடந்தது. அந்த நடைபோடும், வயிறு தேய்க்கும் குளவியை அதற்குப் பிறகு காணோம். செத்தது ராணிதான் என்று நினைக்கிறேன்.

அதைவிட, கூட்டில் ஒன்று பைத்தியம் பிடித்த மாதிரி ஆடுகிறது. இடது இறக்கை ஓரம் கிழிந்த குளவி, அதனால் எனக்கு அடையாளம் தெரியும். இதுவரை ஓரமாக உட்கார்ந்திருக்கும், விசேஷமாக எதுவும் செய்து பார்த்ததில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து வருகிற போகிறவற்றை எல்லாம் கடிக்கிறது, துரத்துகிறது, ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து தலையைக் கவ்வுகிறது. மற்றவை தலையைத் தாழ்த்திக்கொண்டு வாங்கிக்கொள்கின்றன. ஒன்றுகூடத் திருப்பி அடிக்கவில்லை. கூடு உடைந்துவிடுமா? மகள் என்னோடு பேசவில்லை.

குளவிக்காரி | ஜூன் 27, இரவு 9:05

அக்கா, வருத்தப்படாதீர்கள். ஆய்வகத்தில் நாங்கள் வேண்டுமென்றே செய்வதைத்தான் தெரியாமல் செய்திருக்கிறீர்கள். கிழிந்த இறக்கைதான் அடுத்த ராணி.

ராணியை எடுத்ததும் அரை மணி நேரத்துக்குள் ஒரே ஒருத்தி இப்படி மூர்க்கமாவாள். இரண்டு பேர் போட்டி போட்டுச் சண்டை என்பதே இருக்காது. ஒரு வாரத்தில் அவள் சினைப்பை வளர்ந்து முட்டை இடத் தொடங்குவாள், கோபமும் படிப்படியாக அடங்கிவிடும். பிறகு அவளும் சாதுவாக நடப்பாள், வயிறு தேய்ப்பாள். தேய்ப்பது வாசனை பூசுவதற்கு. ராணி இங்கே இருக்கிறாள் என்ற செய்தி கூட்டின் மேற்பரப்பு வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போகிறது.

யார் வாரிசு என்பது நமக்கு முன்கூட்டித் தெரியாது. உருவத்தைப் பார்த்து, நடத்தையைப் பார்த்து எப்படிக் கணித்தாலும் பிடிபடுவதில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியும்! கூட்டை இரண்டாக வெட்டி நடுவில் கம்பிவலை வைத்து ஒரு சோதனை உண்டு. அனிந்திதா பத்ராவும் கடக்கரும் 2008-இல் வெளியிட்டது. ராணி ஒரு பக்கம். ராணி இல்லாத பக்கத்தில் ஒருத்தி தலையெடுப்பாள். அப்புறம் ராணியை இந்தப் பக்கமும், தலையெடுத்தவளை ராணி இருந்த அந்தப் பக்கமும் மாற்றுவார்கள். உண்மையான வாரிசு முதலிலேயே இந்தப் பக்கம் இருந்திருந்தால் ராணியோடு அவளையும் இடம் மாற்றும்போது அந்தப் பக்கத்திலும் அவளையே ஏற்றுக்கொள்வார்கள். வாரிசு அந்தப் பக்கம் இருந்திருந்தால் இதுவரை ஆடியவள் சண்டையே இல்லாமல் ஒதுங்கிவிடுவாள். மூன்றாவது ஆள் எழுந்ததே இல்லை.

முட்டை போடாமல் உழைப்பவளுக்கு இதுவும் ஒரு கணக்கு. இன்று வேலைக்காரி, நாளை ராணியாகும் வாய்ப்பு இருக்கிறது. தேனீ வேலைக்காரிக்கு இந்தக் கதவு மூடிவிட்டது. இவளுக்குத் திறந்தே இருக்கிறது.

ஒரத்தநாட்டான் | ஜூன் 27, இரவு 10:30

திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொண்டு நிற்கின்றன பாருங்கள். எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் பதவி காலியானால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், மட்டுறுத்துநர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சந்தேகம் | ஜூன் 28, காலை 7:05

ஒன்று இன்னும் உறுத்துகிறது. 'உதவும் ஜீன்' என்று எல்லோரும் பேசுகிறோம். யாராவது அப்படி ஒரு ஜீனைக் கையில் காட்டினார்களா? இல்லை, எல்லாம் காகிதத்தில்தானா?

குளவிக்காரி | ஜூன் 28, இரவு 8:45

ராணியாவதா வேலைக்காரியாவதா என்பதற்கு இந்தக் குளவியில் தனி ஜீன் கிடையாது. புதிதாகப் பிறந்த பெண் குளவிகளைத் தனித்தனியாக டப்பாவில் வைத்து வயிறார உணவு கொடுத்தார்கள். ஏறத்தாழ பாதி கூடு கட்டி முட்டை இட்டன, மீதி இடவே இல்லை. காரணம் தேடிப்போனால் புழுவாக இருந்தபோது கிடைத்த சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு. நன்றாகத் தின்று வளர்ந்தது முட்டை இடும். ஆக, ஜீன் எழுதியிருப்பது 'நீ வேலைக்காரி' என்று அல்ல. 'உன் நிலை இப்படி இருந்தால் இப்படி நட' என்று.

ஆனால் கையில் காட்டக்கூடிய ஜீன்களும் உண்டு. டிக்டியோஸ்டீலியம் என்று ஒரு மண் அமீபா. இரை தீர்ந்தால் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி ஒரே உடம்பாகும். ஐந்தில் ஒரு பங்கு அளவு செல்கள் காம்பாகிச் செத்துப்போகும், மற்றவை அந்தக் காம்பின் உச்சியில் வித்தாகிப் பிழைக்கும். அதில் சி.எஸ்.ஏ என்ற ஒரு ஜீன் ஒட்டும் புரதத்தைச் செய்கிறது. ஜீன் உள்ள செல்கள் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு போகும், இல்லாதவை மண்ணிலேயே தங்கிவிடும். தன்னைப் போன்றதை அடையாளம் கண்டு உதவும் இப்படிப்பட்ட ஜீனுக்குப் 'பச்சைத் தாடி' என்று செல்லப்பெயர்.

அதன் இருண்ட பக்கம் நெருப்பெறும்பு. பல ராணிகள் உள்ள கூட்டில், குரோமோசோமில் ஜி.பி-9 என்ற இடத்தில் ஒரு குறிப்பிட்ட வடிவ ஜீன் உள்ள வேலைக்காரிகள், அது இல்லாத ராணி முட்டை இடத் தொடங்கினால் வாசனை பிடித்துக் கொன்றுவிடுகின்றன. 1998-இல் கெல்லரும் ராஸும் காட்டினார்கள். பிறகு அது ஒற்றை ஜீன் அல்ல, குரோமோசோமின் ஒரு பெரிய துண்டே ஒட்டுமொத்தமாகக் கைமாறுகிறது என்று தெரிந்தது.

பழைய வாத்தியார் | ஜூன் 28, இரவு 9:40

மரபியல் விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேன் ஞாபகம் வருகிறார். இரண்டு சகோதரர்களுக்காக அல்லது எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. எழுத்தில் இருப்பது 1955 கட்டுரை. வெள்ளத்தில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றக் குதிக்கும் ஜீன் எப்போது பரவும் என்று அதில் கணக்குப் போட்டுவிட்டு, தான் இருமுறை நீரில் தத்தளித்தவரை இழுத்துப் போட்டதாகவும், அப்போது கணக்குப் போட நேரமே இருக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்து, குடியுரிமையும் வாங்கி, புவனேசுவரத்தில் 1964 டிசம்பரில் காலமானார். ஹாமில்டன் கட்டுரை வந்த அதே ஆண்டு.

குளவியும் கணக்குப் போடுவதில்லை என்பதை கணக்குப்பிள்ளை தம்பிக்காகச் சொல்லி வைக்கிறேன். கணக்குப் போடுவது நாம்.

மொட்டைமாடி | ஜூலை 5, காலை 11:30

குளவிக்காரி சொன்னபடியே ஆயிற்று. கிழிந்த இறக்கை அடங்கிவிட்டது. நேற்று காலி அறையில் வயிற்றை நுழைத்து உட்கார்ந்ததை மகள் முதலில் பார்த்தாள். பேச ஆரம்பித்துவிட்டாள்.

மொட்டைமாடி | ஜூலை 19, மாலை 5:20

எல்லாம் போயிற்று. மத்தியானம் பெரிய குளவி ஒன்று வந்தது. கருப்பு உடம்பு, வயிற்றில் பட்டையாக மஞ்சள், நம் குளவியைவிட இரண்டு மடங்கு இருக்கும். கூட்டில் இறங்கியதும் இவை முதலில் இறக்கையை விரித்து நின்றன. அவ்வளவுதான், எல்லாம் பறந்துவிட்டன. அது ஒவ்வொரு அறையாகப் புழுவை இழுத்து மென்று எடுத்துப்போனது. திரும்பத் திரும்ப வந்தது. இவை ஓரடி தள்ளிக் கம்பியில் கொத்தாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தன.

மகள் கேட்கிறாள்: "இத்தனை நாள் ஊட்டினதே, ஒன்றுகூடச் சண்டை போடவில்லையே. உங்கள் ஃபோரத்தில் தியாகம் தியாகம் என்றார்களே?"

ஒரத்தநாட்டான் | ஜூலை 19, மாலை 6:45

அக்கா, அது கதண்டு இனம். எங்கள் பக்கம் தென்னையில் கூடு வைக்கும் கதண்டுகள் கூட்டமாகக் கொட்டினால் ஆளே காலி. வந்தது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அதன் தோலில் இவற்றின் கொடுக்கு எங்கே இறங்கப்போகிறது? நின்றிருந்தால் புழுவும் போயிருக்கும், இவையும் போயிருக்கும்.

சந்தேகம் | ஜூலை 19, இரவு 8:10

மகளிடம் சொல்லுங்கள், அதே சூத்திரம்தான். செத்தாலும் புழுவைக் காப்பாற்ற முடியாது என்றால் ஆதாயம் பூஜ்யம். பூஜ்யத்தை முக்காலால் பெருக்கினாலும் பூஜ்யம்.

கணக்குப்பிள்ளை | ஜூலை 19, இரவு 8:14

அதை நான் சொல்ல வந்தேன்.

குளவிக்காரி | ஜூலை 19, இரவு 9:00

வந்தது வெஸ்பா டிராபிக்காவாக இருக்கும். ரோபாலிடியாவுக்கு அதுதான் எமன். தேனீ உயிரைக் கொடுத்துக் கொட்டுவது வேறு நிலைமை. அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் சகோதரிகளும் அடை நிறையத் தேனும் இருக்கிறது, அவள் முட்டை இடப்போவதும் இல்லை. இவர்கள் ஒவ்வொருத்தியும் நாளை ராணியாகலாம், உயிரோடு இருந்தால்.

கூட்டைக் கலைக்காதீர்கள் அக்கா. அந்தக் கொத்து இன்னும் இருக்கிறதா என்று காலையில் பாருங்கள்.

மொட்டைமாடி | ஜூலை 20, காலை 6:35

இருக்கிறது. ஒன்பது எண்ணினேன். கிழிந்த இறக்கையும் இருக்கிறது.

மொட்டைமாடி | ஆகஸ்ட் 2, காலை 7:10

பழைய கூடு காய்ந்து தொங்குகிறது, ஒன்றும் அதன் பக்கம் போவதில்லை. நாலைந்து நாள் கொத்தாகவே இருந்தன. அப்புறம் மூன்று காணாமல் போயின. மற்ற ஆறும் ஜன்னலின் அடுத்த மூலையில், எக்ஸாஸ்ட் ஃபேன் சட்டத்துக்குக் கீழே புதுக்காம்பு வைத்திருக்கின்றன. பதினொரு அறை, இன்று காலை மகள் எண்ணியது. கிழிந்த இறக்கை நடைபோடுகிறது. மற்றவை எங்கள் மரக்கதவைச் சுரண்டிக்கொண்டிருக்கின்றன, சத்தம்கூடக் கேட்கிறது. வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்க வேண்டும் என்கிறார். மழைக்காலம் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒட்டடைக்குச்சியை மாமியார் எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்.